டோம்லூர்க் கல்வெட்டுகள் யார் பக்கம்?

பெங்களூரில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டின் படம் சமூக ஊடகத்தில் வெளிவந்தால், அடுத்து நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. ஒரு தரப்பு இந்நகரம் தன்னுடையது என்று எழுதும்; மறு தரப்பு சினந்து மறுக்கும். கல்லில் என்ன பொறிக்கப்பட்டுள்ளது என்பதை இரு தரப்பும் படிப்பதில்லை.

நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள டோம்லூர்ச் சொக்கநாதர் கோயிலைக் காண்போம். 1270ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்களைக் கொடையளித்ததைச் சொல்கிறது. 1290ஆம் ஆண்டுக் கல்வெட்டு, போசள மன்னன் வீரராமநாதன் ஊர் வருவாயிலிருந்து பத்துப் பொன் வழங்கியதைப் பதிவு செய்கிறது. போசளர் கன்னட நாட்டு அரச மரபினர். இராமநாதனின் தலைநகராக ஒரு காலத்தில் விளங்கியதோ திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூர். கன்னட மரபில் வந்த மன்னனின் கொடை, இன்றைய பெங்களூரில், தமிழில் எழுதப்பட்டுள்ளது. எந்த முழக்கத்துக்குள்ளும் இச்செய்தி அடங்காது. கல்வெட்டின் மொழி, ஆவணத்தின் மொழி; அது ஊரார் அனைவரின் தாய்மொழிக்கும் சான்றாகாது, நில எல்லைக்கும் சான்றாகாது.

படிக்கப்படாத கல்லின் இடத்தைக் கதைகள் பிடித்துக்கொள்கின்றன. வெந்த அவரையை உண்ட போசள மன்னனால்தான் பெங்களூருக்குப் பெயர் வந்தது என்று இன்றும் சொல்லப்படுகிறது. அம்மன்னனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட பேகூர்க் கன்னட நடுகல், ஏறக்குறைய 890ஆம் ஆண்டினது, பெங்களூர்ப் போரைப் பெயர் சுட்டியே குறிக்கிறது.

இக்கல்வெட்டுகள் புதிதாகத் தெரியவந்தவை அல்ல. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905லேயே மொழிபெயர்ப்புடன் தொகுத்து அச்சிட்டார். நூலகம் சென்ற அறிவு கோயில் சுவருக்குத் திரும்பவில்லை என்பதே குறை. நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெப்பாள் கல்வெட்டுக்கு அப்பகுதி மக்களே நிதி திரட்டி மண்டபம் எழுப்பினர். மிதிக் சொசைட்டி நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. இவை எழுத்தைக் காக்கும். பொருளைக் காக்க ஒவ்வொரு கல்லருகிலும் ஒரு பலகை வேண்டும்: மூலவரிகள், இன்றைய கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவற்றின் பொருள், காலம், படிக்க இயலாமல் சிதைந்த பகுதி.

பலகையில் தமிழ் இடம்பெற்றால் பூசல் எழும். சும்மா இருப்பதே நலம் என்பர் சிலர். அவ்வச்சம் காரணமற்றது அன்று. ஆயினும் பூசல் வளர்வது அறியாமையில். நிலைக்கால் கொடுத்தவரின் பெயரையும் பத்துப் பொன்னின் கணக்கையும் நேரில் படித்தவருக்கு, அக்கல்லைப் படைக்கலமாக ஏந்துவது கடினம்.

நீலசந்திராவில் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பயிலும் சிறுவர் பலர். அவர்களது ஊர்ப்பெயரின் 'சந்திரா', 'சமுத்திரம்' என்பதன் திரிபு. பெரிய ஏரியைக் குறிப்பது என்பர் பெயராய்வாளர். அம்பாசமுத்திரத்திலும் உள்ளது அதே சொல். இரு மொழிப் பலகையின் இரு பக்கங்களையும் படிக்க வல்லவர்கள் இச்சிறுவரே. பலகைகள் முதலில் அவர்களுக்காக எழுதப்பட வேண்டும்.