ஆர்குட்டோடு போன நற்சான்று

எங்கள் தேவ்நார்ச் சாலில் பக்கத்து வீட்டிலேயே வளர்ந்த என் நண்பன் 2011-ஆம் ஆண்டு மஞ்சட்காமாலையால் காலமானான். வீட்டில் மாட்டியிருந்த அவனுடைய படம் இவ்வாண்டு மழையில் ஊறிக் கெட்டுவிட்டது. சென்ற வாரம் அவன் தாயார் வந்து, “தம்பி, கம்ப்யூட்டர்க் கடையிலே அவன் நிறையப் படம் போட்டு வைத்திருந்தானே, எடுத்துத் தருகிறாயா? திதி வருகிறது” என்று கேட்டார்.

அவர் குறிப்பிட்டது ஆர்குட்டை. இளைய அன்பர்கள் இப்பெயரை அறிந்திருக்க நியாயமில்லை. கூகுளில் பணியாற்றிய ஆர்குட் என்னும் துருக்கியப் பொறியாளர் 2004 ஜனவரியில் தொடங்கியது. அவர் பெயரே அதற்கும் வாய்த்தது. பிரேஸிலிலும் நம் தேசத்திலுமே அதற்கு மிகுந்த செல்வாக்கு. கோவண்டி ஸ்டேஷன் அருகே மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்துக்கொண்டு பார்ப்போம். நம் பக்கத்தை யார் யார் எட்டிப் பார்த்தார்கள் என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். அதனால் விளைந்த வம்புகளை இங்கு எழுதுவதற்கில்லை. நண்பரைப் பற்றி நண்பர் நற்சான்று எழுதும் ஏற்பாடும் உண்டு. உரியவர் ஒப்பினால்தான் அது பக்கத்தில் ஏறும். நான் கணக்கில் தவறி, மறுமுறை எழுதி மெட்ரிக் தேறிய கதையை அவன் அதில் எழுதிவிட்டான். மூன்று நாள் ஒப்பாமல் வைத்திருந்து, பிறகு ஒப்பினேன்.

2014 ஜூன் 30 அன்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. நிறுவனத்தைக் குறை கூற எனக்கு வாயில்லை. அவரவர் கணக்கிலுள்ளவற்றை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. நண்பனின் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் எவரிடமும் இல்லை. எனினும் கதவடைக்குமுன் அவன் பக்கத்துப் படங்களை ஒவ்வொன்றாக நான் சேமித்திருக்கலாம். நற்சான்றோ என் பக்கத்திலேயே இருந்தது. நைட் டியூட்டி, தங்கையின் திருமணம் என்று நாளைத் தள்ளினேன்.

1850-இல் தொடங்கிய நம் நாட்டுத் தந்தி 2013 ஜூலையில் நின்றது. ஆனால் பாட்டனார் மறைவை அறிவித்த தந்தித் தாள் இன்றும் எங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

வளைகுடாவிலுள்ள பிள்ளைகளோடு நம்மவர் பேசிவந்த ஸ்கைப்பும் 2025 மே 5 அன்று நின்றது. இரண்டாண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலமான பெரியவரின் போட்டோக்கள் அவர் கணக்கிலேயே கிடக்கும் வீடுகள் எங்கள் சாலிலேயே இரண்டு உண்டு. இரு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில் கடவுச்சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பழைய நோக்கியாவில் அவன் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் மங்கலான படம் ஒன்று அகப்பட்டது. செம்பூரில் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அந்தக் கடை இன்னும் இருக்கிறதா, தம்பி?” என்று கேட்டார்.