ஜீப் ஏறுகிறவர்களின் பிரகடனம்

முந்தலுக்கு இந்தப் பக்கம் வீடும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வேலையுமாக வாழ்கிறவர்கள் நாங்கள். விடியுமுன் ஜீப் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறோம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களும், ஜீப் ஓட்டுகிறவர்களும், பள்ளிக்கூட வாத்தியார்கள் சிலரும் எங்களோடு உண்டு. இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை முதலில் வந்து கொள்கை வராமலே போன இயக்கங்களை நாடு நிறையப் பார்த்துவிட்டது.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஆன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டுப் போன் வாங்கினோம். எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. அதற்குள் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கி விளையாட்டுகள் வீட்டில் குடியேறிவிட்டன. 2020 செப்டம்பரில் பப்ஜியை அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டே அது வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை வந்தது. பிள்ளைகள் அதன் ‘மேக்ஸ்’ வடிவத்துக்குப் போய்விட்டார்கள். தடையை நம்பி உட்கார்ந்திருக்க எங்களால் முடியாது.

“துப்பாக்கி விளையாட்டு எம்புள்ளையக் கெடுத்துருச்சு” என்பது எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் இருக்கிற வாக்கியம். அதை நாங்கள் கைவிடுகிறோம்.

2022 ஜூனில் லக்னோவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தாயைச் சுட்டுக் கொன்ற செய்தி நினைவிருக்கும். பப்ஜி விளையாட விடாததுதான் காரணம் என்று போலீஸ் முதலில் சொன்னது. எல்லாத் தலைப்பிலும் பப்ஜி இருந்தது. சுட்ட துப்பாக்கி தகப்பனாரின் உரிமம் பெற்ற துப்பாக்கி. அவர் ராணுவ வேலையில் வெளியூரில் இருந்தார். அந்தத் துப்பாக்கி பிள்ளையின் கைக்கெட்டும் இடத்துக்கு எப்படி வந்தது, அந்த வீட்டில் அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டிவரும். விளையாட்டைத் திட்டுவது எல்லாருக்கும் வசதி.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று எங்களோடு இருக்கும் வாத்தியார்களிடம் கேட்டோம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது: வன்முறை விளையாட்டுக்கும், கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது, கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு விளையாட்டே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். முரட்டுத்தனத்தைப் பிள்ளையின் வாயால் மட்டும் கேட்காமல், வளர்ப்பவர்களிடமும் கேட்டார்கள். தொடர்பு தென்படவில்லை.

பழைய சோதனை ஒன்றும் உண்டு. 1961-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சின்னக் குழந்தைகளுக்குக் காட்டினார். தனியே விட்டதும் குழந்தைகளும் அதே மாதிரி அடித்தன. பிறகு படமாகக் காட்டியபோதும் அப்படியே நடந்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் முதலில் அடித்துக் காட்டியது கண்ணெதிரே நின்ற பெரிய ஆள். குடித்துவிட்டு வந்து சம்சாரத்தை அடிக்கிற ஆம்பளைகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் பள்ளியில் கை ஓங்கினால் போனைப் பிடுங்கி என்ன பயன்? ஆகவே முதல் கொள்கை: போனுக்காகப் பிள்ளையை அடிக்க மாட்டோம், பிள்ளை பார்க்க யாரையும் அடிக்க மாட்டோம். இந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்குகிற ஆண்கள் எங்களோடு சேர வேண்டாம்.

இதனால் விளையாட்டு நல்லபிள்ளை ஆகிவிடாது. அது தின்பது தூக்கத்தை, படிப்பை, காசை. விளையாட்டின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி, கெடுதல் தெரிந்தும் ஏறக்குறைய ஓராண்டாக விடமுடியாமல் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டுக்குள் டைமண்ட் வாங்க அம்மாவின் கணக்கிலிருந்து பணம் போவதும் எங்களுக்குத் தெரிந்த கதை. காய் எடுத்த கூலி அது. யூபிஐ பின் நம்பரைப் பிள்ளையிடம் சொல்லி வைக்கிற பழக்கம் இன்றோடு நிற்கட்டும்.

பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 வரை தமிழ்நாடு 2025-ல் தடை போட்டது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டையே தடை செய்தது. நல்லது. ஆனால் பப்ஜி அந்தத் தடைகளில் வராது. தவிர, எங்கள் வீடுகள் காலியாவதே காலை ஐந்து மணிக்குத்தான்.

எங்கள் பிரச்சினையே அந்தக் காலி வீடுதான். “வேலைக்குப் போற பொம்பளைக்குப் புள்ளை வளர்க்கத் தெரியலை” என்கிற பேச்சை எங்கள் கூட்டத்தில் அனுமதிக்க மாட்டோம். அவள் போகாவிட்டால் அடுப்பு எரியாது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தோட்டத்திலேயே காப்பகம் வைக்கச் சொன்னது. பள்ளி விட்ட பிறகு ஆறைத் தாண்டிய பிள்ளை எங்கே இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பள்ளி விட்ட நேரத்திலிருந்து ஜீப் திரும்பும் நேரம் வரை அவனுக்குத் துணை போன் மட்டுமே. பள்ளி மைதானங்களை மாலை ஆறரை வரை திறந்து வைக்க வேண்டும், பொறுப்பாக ஓர் ஆளைப் போட வேண்டும் என்று நகராட்சியையும் கல்வித்துறையையும் கேட்கப்போகிறோம். காய்ப் பருவத்திலும் சொன்ன நேரத்துக்கு ஜீப்பைக் கீழே அனுப்ப வேண்டும் என்று தோட்டக்காரர்களைக் கேட்கப்போகிறோம். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது.

எங்களுக்கும் வேலை உண்டு. அந்த விளையாட்டு என்னவென்று பிள்ளையிடமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வோம். பப்ஜியில் நூறு பேர் இறங்குவார்கள், ஒரு மேட்ச் அரை மணி நேரம் வரை ஓடும், நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் திட்டுவார்கள். சோறு போட்டுக் கூப்பிட்டால் பையன் வராததற்குப் பாதிக் காரணம் இது. “இந்த மேட்ச் முடிஞ்சதும் வாய்யா” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மேட்சுக்கு மட்டும் விடாதீர்கள். இரவு போன் பெரியவர்கள் படுக்கும் இடத்தில் இருக்கட்டும். நம் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குப் புத்தி சொல்ல முடியாது.

கைமீறிப் போன பிள்ளையை மந்திரிக்கக் கொண்டு போகாமல், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவோம். கூடவே ஒருவர் வருவோம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் பேசும், தமிழிலும் பேசும்.

எந்த வயதில் பிள்ளைக்குத் தனி போன் தரலாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. பத்தாம் வகுப்பு என்கிறார்கள் சிலர். தரவே கூடாது என்கிறார்கள் சிலர். அதைப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். அன்று ஜீப் கிடையாது, எல்லாரும் வரலாம்.