நாபோத்தும் ரங்கசாமியும்



சினிமாவைக் குறித்து நான் பிரசங்க பீடத்திலிருந்து பேசியவற்றை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் கண்டித்தே பேசியிருக்கிறேன். ஆகவே இந்த வாரத் தியானம் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

சென்ற சனிக்கிழமை இரவு, ஞாயிறு ஆராதனைக்கான குறிப்புகளை முடித்துவிட்டு, செய்தி கேட்பதற்காகத் தொலைக்காட்சியைப் போட்டேன். ஏதோ ஓர் அலைவரிசையில், ஒரு மனிதன் மூட்டை சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தான். மாற்றிவிட மனம் வரவில்லை. சோப்பு விளம்பரங்களின் தொல்லையையும் பொறுத்துக்கொண்டு, நள்ளிரவு தாண்டி அதைப் பார்த்து முடித்தேன். மறுநாள் ஆராதனையில் என் கண்கள் சிவந்திருந்ததற்கு இராமுழு ஜெபம் காரணமல்ல!

அது 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, இளையராஜா இசையமைத்த படம். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடத் திரையில் இல்லை. தேனி மாவட்டத்து மலைப்பகுதியில் சுமைகூலியாகப் பிழைக்கும் ரங்கசாமிக்கு வாழ்வில் ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். பெரும்பாடுபட்டு வாங்குகிறான். விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் அதை இழக்கிறான். இறுதியில் அதே மண்ணில் எழும்பிய காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே எழும்ப எழும்ப, அவன் ஒரு புள்ளியாகிறான்.

உறக்கம் வரவில்லை. வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆகாபின் இச்சை, யேசபேலின் சூழ்ச்சி, எலியாவின் தைரியம் என்று மூன்று தலைப்புகள் எப்போதும் கைவசம் உண்டு. நாபோத்தோ 13-ஆம் வசனத்தில் கல்லெறியுண்டு மரிக்கிறான். என் பிரசங்கங்களிலும் அத்தோடு மறைந்துபோயிருக்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தை விற்க மறுத்த அந்த மனிதனுக்கு அந்த மண் என்னவாக இருந்தது என்று நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. லேவியராகமம் 25-இல், ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் அவனவன் தன் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும் என்று தேவன் ஏற்பாடு செய்திருக்கிறார். நிலம் கைமாறும் காரியத்தில் அவருக்கு அத்தனை கரிசனை! நாமோ யூபிலி என்றாலே சபையின் ஐம்பதாம் ஆண்டு விழாவைத்தான் நினைக்கிறோம்.

மேலும் ஒன்று. யேசபேல் வாள் கொண்டு தோட்டத்தைப் பறிக்கவில்லை. ராஜமுத்திரையிட்ட நிருபங்கள், ஊரெங்கும் உபவாசம், முறைப்படி இரண்டு சாட்சிகள். வெளிப்பார்வைக்கு எல்லாம் சட்டப்படியே நடந்தது. ரங்கசாமியின் கதையில் அந்தப் பொய்ச்சாட்சிகள்கூடத் தேவைப்படவில்லை. கடன்கணக்கு ஒன்றே போதுமாயிருந்தது. ஆகாப் இன்னாரென்று தெரியாத இடத்தில் எலியா யாரிடம் போய் நிற்பான்?

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் சபைச் சகோதரர் ஒருவர், கடனுக்காக எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கரைப் பற்றிச் சொல்ல என்னிடம் வந்தார். பத்து நிமிடம் ஜெபித்தேன். பரலோகத்தில் அழியாத சுதந்தரம் உண்டென்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது உபதேசப்படி பிழையல்ல. ஆனால் நிலம் எங்கே இருக்கிறது, என்ன பயிரிட்டீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இப்போது அவர் பண்டிகை நாட்களில் மட்டுமே ஆலயத்துக்கு வருகிறார்.

எல்லாப் படங்களையும் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வருபவற்றில் பெரும்பகுதி நம் நேரத்தைத் தின்பதுதான். ஆயினும் பாராமலே மொத்தமாகக் கண்டித்துவந்தது பக்தி வைராக்கியமல்ல, என் சோம்பல்.

திங்கட்கிழமை அந்தச் சகோதரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அதிகம் பேசவில்லை. வருகிற வியாழனன்று மாலை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பத்திரத்தின் நகல் இருந்தால் எடுத்துவைக்கச் சொன்னேன். நம் சபையின் வழக்கறிஞர் சகோதரரும் என்னோடு வருகிறார்.