ஹம்மிங்பேர்டுக்காகத் தேன்சிட்டை விரட்டாதீங்க



கோயில் பின்பக்கத்தைச் சுத்தம் பண்ணி "ஹம்மிங்பேர்ட் தோட்டம்" அமைக்கப் போறதா வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்ததைப் பார்த்திருப்பீங்க. நிறைய பேர் கைதட்டியிருக்கீங்க. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்கு வந்து மண்வெட்டி பிடிக்கிறவங்க நாங்க. அதனால எங்க கருத்தையும் நேரடியாச் சொல்லிடுறோம். இந்தத் திட்டம் வேண்டாம்.

மலேசியாவில் ஹம்மிங்பேர்ட் கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே சிலி நாட்டு முனை வரைக்கும், அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் அது வாழுது. குழுவில் யாரோ போட்ட படத்தில் இருக்கிறது தேன்சிட்டு. மஞ்சள் வயிறு, கழுத்தில் மினுமினுக்கிற கருநீலம் இருந்தா ஆண். கருநீலம் இல்லைன்னா பெண். நம்ம தாமான் வீட்டு அஞ்சடியில் தொங்குற பூந்தொட்டியிலேயே கூடு கட்டுற பறவை அது. அதுக்கு அமெரிக்கப் பேர் வைச்சாத்தான் மதிப்பா? சிங்கப்பூரில் 2015-ல தேசியப் பறவை எதுன்னு வாக்கெடுப்பு வச்சப்போ சிவப்புத் தேன்சிட்டுதான் ஜெயிச்சது.

பேரு மட்டும் தப்புன்னா நாங்க இவ்வளவு எழுத மாட்டோம். வாங்கப்போற செடிகளின் பட்டியலைப் பார்த்தோம். பாதி, குளிர்காலம் உள்ள ஊர்ச் செடிங்க. நம்ம வெயிலுக்கும் மழைக்கும் எத்தனை மாசம் தாங்கும்? எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரிக்காரங்க. ஒரு ஸ்பேர் பார்ட் வாங்கினாக்கூட நம்ம மெஷினுக்குப் பொருந்துமான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். இது உண்டியல் காசு ஐயா.

இதுக்கு இடம் வேணும்னு எதையெல்லாம் பிடுங்கப் போறாங்க தெரியுமா? வாழைப் புதர், காந்தான் புதர், பழைய வெட்சி வேலி. "குப்பை மாதிரி இருக்கு"ன்னு சொல்றாங்க. காலையில 7 மணிக்கு மடப்பள்ளிப் பக்கம் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. வாழைப்பூ மடல் விரிஞ்ச உடனே தேன்சிட்டு வந்து தொங்கும். லக்சாவுக்கு நறுக்கிப் போடுற புங்கா காந்தான் இந்த மண்ணிலேயே பிறந்த செடி. அதை வெட்டாம விட்டா மெழுகுச் சிவப்பா பூ விரியும், தேன்சிட்டு தேடி வரும். வெட்சி, அதாவது நம்ம வீட்டு இட்லிப்பூ, முருகனுக்கு உகந்தது. அதன் நீளக் குழல் பூ இந்தப் பறவையின் வளைஞ்ச மூக்குக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

சரி, ஒரு உண்மையும் சொல்லிடணும். நாம கும்பிடுற அந்தச் செவ்வெட்சி நம்ம தாத்தா பாட்டி மாதிரி தமிழ்நாடு, இலங்கைப் பக்கத்துக்காரன்தான். ஆனா வெட்சியில் மலாயாக் காட்டு வகைகளும் இருக்கு, நர்சரியில் கேட்டுப் பாருங்க. 1960-ல தேசிய மலரான செம்பருத்திகூட வெளியிலிருந்து வந்ததுதான். தேன்சிட்டு அதையும் விடாது, பூவின் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சிடும். நாங்க வெளிச்செடிக்கு எதிரி இல்ல. இங்க இருக்கிறதைப் பிடுங்கிட்டு வைக்கிறதுக்குத்தான் எதிரி.

கல்யாண முருங்கையைப் பாருங்க, மலாய்க்காரர் டெடாப்னு சொல்றது. நம்ம நாட்டுக் கடலோரத்தில் தானா வளர்ற மரம். சிவப்புப் பூ பூத்தா பறவைங்க கூட்டமா வரும். முகூர்த்தக்காலில் கட்டுறோம், கல்யாணம் முடிஞ்சதும் குப்பைத்தொட்டியில் போடுறோம். அந்தக் கொம்பை நட்டாலே வேர் பிடிக்கும். (முள் உண்டு, பெரிய மரமாகும், லிங்க் வீட்டுக்கு வேண்டாம்.)

வேப்பமரத்தில் மாட்டியிருக்கிற சிவப்புச் சீனித்தண்ணி டப்பாவையும் எடுத்துடலாம். அது பறந்தபடியே குடிக்கிற ஹம்மிங்பேர்டுக்குச் செய்தது. தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்துதான் பெரும்பாலும் குடிக்கும். நம்ம சூட்டில் சீனித்தண்ணி சீக்கிரம் புளிச்சுப் போகுது. இப்போ அதில் எறும்புதான் குடியிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம் நிர்வாகத்துக்கு. வேலியை வாராவாரம் பெட்டி மாதிரி வெட்டாதீங்க, வெட்சி கிளை நுனியில்தான் மொட்டு விடும். பூச்சி மருந்தும் அடிக்காதீங்க. குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது, தாய் பூச்சியும் சிலந்தியும் பிடிச்சுத்தான் ஊட்டும்.

தலைவர் ஐயா மேல எங்களுக்கு மரியாதை உண்டு. அழகா இருக்கணும்னுதான் நினைச்சிருப்பார். அழகு ஏற்கனவே இருக்கு, களை பிடுங்கி, பாதை போட்டு, பெயர்ப்பலகை வைச்சா போதும். அதை நாங்களே செய்து தர்றோம், செடி வாங்க ஒரு காசும் வேண்டாம்.

வர்ற ஞாயிறு காலை 7.30க்கு வாங்க. வீட்டில் நட காந்தான் கிழங்கும் வெட்சிக் கொம்பும் தருவோம், பை கொண்டு வாங்க. மடப்பள்ளிக் குழாய்க்கு மேல பழைய வயரில் ஒட்டடை மாதிரி ஒண்ணு தொங்குது. அது கூடு, உள்ளே முட்டை இருக்கு. யாரும் விளக்குமாத்தால தட்டிடாதீங்க.