நாலு பயிற்சி, ஒரே தோள்!

காசிமேட்டில் விடியற்காலையில் மீன் கூடை தூக்கிவிட்டு, சாயங்காலம் ஜிம்முக்குப் போகிற தம்பிகளே, இந்த வாரம் உங்களுக்குத்தான்.

பெஞ்ச் பிரஸ், இன்க்லைன் பிரஸ், ஷோல்டர் பிரஸ், கடைசியில் தண்டால் என ஒரே நாளில் அடுக்குகிறீர்கள். பெயர்தான் வேறு, நான்கிலுமே முன்தோளும் மேல்கையின் பின்தசையும் உழைக்கின்றன. மூன்றாவதற்குள் அவை சோர்ந்துவிடும். எடை கோணலாக ஏறும், அடி தோள்மூட்டுக்கு.

படுத்துத் தள்ளுவது ஒன்று, நின்று தூக்குவது ஒன்று போதும். கனமானது முதலில். தலா 3 செட், நடுவே 2 நிமிட ஓய்வு. தள்ளிய அளவுக்கு இழுக்கும் பயிற்சியும் செய்யுங்கள். அடுத்த பிரஸ்ஸுக்கு 48 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கையை உயர்த்தும்போது வலித்தால், டாக்டரைப் பாருங்கள். மறுநாள் கூடை தூக்கவும் அதே தோள்தானே வேண்டும்!