முகப்புப் பெயரும் பிறந்த மண்ணும்

மகிழுந்தின் முகப்பிற் பொறித்த பெயரைக் கண்டு, ‘இஃது அமெரிக்க வண்டி, அது சப்பானிய வண்டி’ என்று சொல்லிவிடுதல் எளிது. அப்பெயர் உடையவன் யாரென்று காட்டுமேயன்றி, செய்த கை எந்நாட்டுக் கை என்று காட்டாது.

இவ்வேறுபாட்டை அமெரிக்கரே பட்டுத்தான் உணர்ந்தனர். 1980-களின் தொடக்கத்தில் அவர்தம் மகிழுந்துத் தொழில் நலிந்தபோது, வேலையிழந்தோர் சினம் சப்பானிய வண்டிகள்மேற் பாய்ந்தது. சம்மட்டியால் அடித்து நொறுக்கினர். 1981-இல் அவ்வண்டிகளின் வரவு ஆண்டொன்றுக்கு 16 இலக்கத்து 80 ஆயிரம் என வரம்பிடப்பட்டது. வண்டிக்கு வாயிலடைத்தால் தொழிலகமே உள்ளே வந்துவிடுமன்றோ! 1982-இல் ஓண்டா நிறுவனம் ஓகையோ மாநிலத்து மேரிசுவில் ஊரில் அக்கார்டு வண்டியைச் செய்யத் தொடங்கிற்று. 1988-இல் தொயோட்டா நிறுவனம் கெண்டக்கி மாநிலத்தில் கேம்ரியைச் செய்தது. செருமானியரின் பி.எம்.டபிள்யூ. 1994-இல் தென் கரோலினா சேர்ந்தது. மறுபுறமோ, போர்டு என்னும் பழம்பெரும் அமெரிக்கப் பெயர் தாங்கிய மேவரிக்கு வண்டி மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் உருவாகின்றது. ‘அயல்’ வண்டி வாங்கியவன் கெண்டக்கித் தொழிலாளிக்குக் கூலி தந்தான். ‘உள்நாட்டு’ வண்டி வாங்கியவன் மெக்சிகோத் தொழிலாளிக்குத் தந்தான். மிகுவருவாய் மட்டும், வழக்கம்போல், பெயருடையவனையே சென்று சேர்ந்தது.

இக்குழப்பந் தீர 1992-இல் அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். புது வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டப்படல் வேண்டும். அமெரிக்க, கனடிய உறுப்புகள் எத்தனை விழுக்காடு, இறுதியாகப் பூட்டிய ஊர் எது, பொறி எந்நாட்டது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். சீட்டுக் கிழிந்த பழவண்டிக்கும் வழியுண்டு. வண்டியின் பதினேழு குறிகொண்ட அடையாள எண்ணில் முதற்குறி 1, 4, 5 ஆயின் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ.

2018 தொடங்கி அமெரிக்கத் தெருக்களில் ஓடிய போர்டின் எக்கோசுபோர்ட்டு வண்டிகளின் எண்ணோ ‘எம்’, ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துகளோடு தொடங்கிற்று. அஃது இந்தியக் குறி. செய்த ஊர் செங்கற்பட்டுப் பகுதியின் மறைமலைநகர்! தனித்தமிழ் கண்ட அடிகளின் பெயர் தாங்கிய ஊரில், தமிழ்த் தொழிலாளர் பூட்டிய வண்டி, ‘உள்நாட்டு’ வண்டியென்னும் பெயரோடு கடல்கடந்து அமெரிக்கரிடம் போயிற்று. வாங்கியவருள் எத்தனை பேர் அவ்வூர்ப் பெயரைக் கேட்டிருப்பர்?

கை நம்முடையதாயினும் முடிவு நம்முடையதன்று. மிச்சிகன் மாநிலத்துத் தலைமையகம் 2021-இல் இந்தியாவில் வண்டி செய்வதை விடுவதாக அறிவித்தது. மறு ஆண்டே மறைமலைநகரின் கடைசி வண்டியும் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எங்கோ ஓர் அறையில் எழுதப்பட்ட கணக்கைச் சார்ந்திருந்தது. 2024-இல் அதே நிறுவனம் ஏற்றுமதிக்காக அத்தொழிலகத்தை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தைத் தமிழ்நாட்டரசுக்கு எழுத்திலே தெரிவித்தது. வரட்டும், வேலை வேண்டியதே. ஆனால் இம்முறை உடன்படிக்கை எழுதுமுன், தொழிலாளரை விலக்குங்கால் எத்துணைக் காலத்திற்கு முன் சொல்லல் வேண்டும், எவ்வளவு ஈடு தரல் வேண்டும் என்பவற்றை அரசு அதில் வரையறுத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மகிழுந்திலும், உறுப்பு எங்கே, பொறி எங்கே, பூட்டியது எவ்வூர், உடையவர் யார் என்னும் சீட்டுத் தமிழிலேயே ஒட்டப்படுதலும் வேண்டும்.