மண்ணை மூடுவதா சுத்தம்?

எங்கள் தெருவில் புதுவீட்டுக்காரர் ஒருவர் போன வாரம் முருங்கையையும் பவழமல்லியையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, வாசல் முதல் கொல்லைவரை ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டார். ஏன் சார் என்று கேட்டேன். "மண்ணு இருந்தா சேறு, கொசு, குப்பை. இப்ப பாருங்க, எவ்வளவு நீட்டா இருக்கு!" என்றார். சென்னையில் பாதிப் பேர் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எரிச்சல் தாளவில்லை.

2019 கோடையை அதற்குள் மறந்துவிட்டார்களா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே! இத்தனைக்கும் இந்த ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை பெய்கிறது. ஒரு கிரவுண்ட் மனையில் மட்டும் விழுவது ஏறக்குறைய 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 25 லாரித் தண்ணீர். அத்தனையையும் டைல்ஸில் வழியவிட்டுத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரலில் லாரிக்காரருக்குப் போன் போடுவதற்குப் பெயர் சுத்தமா?

கொசுவாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மூடாத தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்வது. மண் குடித்துவிட்ட தண்ணீரில் எந்தக் கொசுவும் பிறக்காது.

'போரை 300 அடிக்கு இறக்கியிருக்கிறேன், எனக்கென்ன?' என்பவருக்கும் 2019-தான் பதில். அன்று எத்தனை போர்கள் வெறும் காற்றைக் கக்கின! கடலோரத்திலோ, உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறுகிறது. மழைநீர் கீழே இறங்காமல் அதைத் தடுக்க வழியில்லை.

2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இன்று பல வீடுகளில் அந்தக் குழி தூர்ந்து கிடக்கிறது. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டியவர்களும் உண்டு. தெருவில் மட்டும் என்ன வாழ்கிறது? நடைபாதை மரங்களின் தூர்வரை கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுத் தெருவை உயர்த்துகிறார்கள். வீடு பள்ளமாகிறது, வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுக்காரர் மறுபடியும் சிமெண்ட் மூட்டை வாங்குகிறார்.

வீடு கட்டுகிறவர்களே, கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் தளம் போடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் ஐப்பசி மழைக்குள் மதிலோரம் இரண்டடி அகலமாவது உடைத்துவிடுங்கள். உடைக்க ஒரு நாள் கூலிதான் ஆகும்.